மூன்று புள்ளடிச் சந்நிதானத்துக்கு

கொழும்பில் வானளாவ வீற்றிருக்கும் வங்கித் தலைமையகத்தின் வெளிநாட்டுப் பணப் பிரிவுக்கு, கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவன் விழுந்து கும்பிட்டு எழுதுவது.

சூரிச்சிலிருந்து மகள் அனுப்பிய 300 பிராங்க், 19 நாள் ஊர் சுற்றி, வழிச்செலவுக்கு 30ஐ விழுங்கிவிட்டு அவளிடமே திரும்பிவிட்டது. ஸ்விப்ட் கோட்டின் வால் பிழையாம். அந்த வாலை எழுதித் தந்ததே உங்கள் கிளைப் பிள்ளைதான். துண்டைக் காட்டினேன். "சேர், இது உள்ளூர்க் கிளை இலக்கம். வெளிநாட்டுக்கு எக்ஸ் எக்ஸ் எக்ஸ் போடணும். படிச்ச ஆக்கள் கேட்டு எழுதியிருக்கலாமே" என்றது, வரிசையில் நின்ற என் பழைய மாணவர் மூவரும் கேட்க.

35 வருடம் கொப்பிகளில் புள்ளடி போட்ட கை இது. எனக்கே மூன்று விழுந்துவிட்டது.

அதன்பின் உங்கள் கோட்டைப் பக்தியோடு பாராயணம் செய்தேன். முதல் நாலெழுத்து தாங்கள். அடுத்த இரண்டு இலங்கை. அதற்கடுத்த இரண்டு கொழும்பு. கடைசி மூன்றும் கிளைக்கென்று ஒதுக்கிய இடம். அதிலும் தலைமையகத்தின் புள்ளடிதான். மட்டக்களப்பு, வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி எல்லாம் அதற்குள் அடக்கம். தேர்தலில் மூன்று விருப்புவாக்குப் புள்ளடிக்காக வேட்பாளர் வந்து எங்களைக் கும்பிடுவார். உங்கள் புள்ளடிக்கு நாங்கள் கும்பிடுகிறோம். 1973இல் பெல்ஜியத்தில் பிறந்த ஸ்விப்டுக்கு எங்கள் வாவி தெரியாமலிருக்கலாம். உங்களுக்குமா?

வங்கி வழியாகவே அனுப்புங்கள் என்று நாடே கெஞ்சிய காலம் மறந்துபோச்சா? 2020இல் 710 கோடி டொலராக வந்த வெளிநாட்டு உழைப்பு, 2022இல் 379 கோடியாகச் சுருங்கியது. உண்டியல்காரன் விலையும் கூடக் கொடுத்தான், கோட்டும் கேட்கவில்லை. "வேப்பமரத்தடி வீடுதானே?" என்று மட்டும் கேட்டுப் பக்கத்து வீட்டில் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான். என் மகள் சட்டப்படி அனுப்பினாள். முதியோர் இல்லத்தில் இரவிரவாக ஆட்களைத் தூக்கிக் கழுவின காசு அது. உங்கள் பிழைக்கு அவள் ஏன் 30 பிராங்க் கட்டவேணும்?

மன்னிக்கவும். சந்நிதானத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

கிளைப் பிள்ளையைக் கோபிக்காதீர்கள். அதற்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். கவுண்டர் கண்ணாடியில் கடனட்டை விளம்பரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பதினோரு எழுத்தையும் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டால் போதும்.

பதில் அனுப்ப முகவரி: புள்ளடி, புள்ளடி, புள்ளடி. எங்கள் தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார்.