கண் குளிர்ந்தவர்களைப் போற்றி

கோடையின் சின்னச் சின்னச் சுகங்களைத் தேடிக் கேமரன் மலைக்குப் போகத் தெரிந்தவர்களை மனதாரப் புகழ வேண்டும். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஈப்போவிலும் மின்விசிறி வெந்த காற்றையே சுழற்றும் நாள்களில், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் தாப்பாவில் திரும்பி மலையேறிவிடுகிறோம். அங்கே போய் நாம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. புழுக்கமில்லாத காற்று, ஆவி பறக்கும் ஒரு கோப்பைத் தேநீர், ஒரு தட்டு ஸ்ட்ராபெரி, கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை பச்சை. அவ்வளவுதான் நம் ஆசை. இத்தனை அடக்கமான ஆசையை நிறைவேற்ற ஒரு மலை முழுவதும் ஆண்டு முழுவதும் வேலை நடக்கிறது.

நமக்கு முன்னே போனவர்களும் கெட்டிக்காரர்கள். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறித்துவைத்தார். நாற்பது ஆண்டு கழித்து 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, மலாயா வெயிலில் வாடும் வெள்ளைக்காரர்களுக்கு ஏற்ற கோடைவாசத்தலம் இது என்று முடிவெடுத்தார். 1929-இல் ஜே. ஏ. ரசல் இங்கே 'போ' என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931-இல் தாப்பாவிலிருந்து சாலை வந்துவிட்டது. வெயிலைத் திட்டிக்கொண்டே கீழே கிடக்காமல், குளிர் இருக்கும் இடத்துக்கு வழி வெட்டச் சொன்னவர்கள் அவர்கள். குறித்துவைத்தவரின் பெயரையே மலைக்கு வைத்து மரியாதையும் செய்தார்கள். காட்டை அழித்து, சரிவில் குழி தோண்டி, கன்று நட்ட தமிழர்கள் நிறையப் பேர். ஒரு மலைக்கு அத்தனை பெயரை வைக்க முடியாது.

நம்மிடம் உள்ளவற்றில் முதலில் போற்றத்தக்கது நம் கண். சுங்கை பாலாஸ் தோட்டத்து மாடத்தில் நின்று பார்க்கிறோம். குன்றுக்குக் குன்று ஒரே மட்டமாக, யாரோ கத்திரித்து விரித்ததுபோல் பச்சை. 'இயற்கை, இயற்கை' என்று உருகுகிறோம். தேயிலை என்பது விட்டுவிட்டால் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து மரமாகிவிடும் சாதி. அது இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம், ஆண்டுகள் பலவாக அதைக் கவ்வாத்து வெட்டியவர்களும், சுற்றுக்குச் சுற்று அதே மட்டத்தில் கொழுந்து எடுத்தவர்களும்தான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் போன இடத்தில் மறுபடி துளிர் வரும். துளிர் மறுபடி போகும். அந்த மட்டம் ஓர் அங்குலம் தவறினால் அடுத்த சுற்றில் கொழுந்து குறையும், கேள்வி வரும். செடி வரிசைகளுக்கிடையே மலையில் ஓடும் கோடுகள்கூட ஆள் நடந்து நடந்து உண்டான வழிகள். ஆக, நாம் பார்த்து உருகுவது முழுக்க முழுக்க மனிதர் செய்த வேலை. அந்த வேலையைப் பார்த்தபடியே, செய்தவரை மட்டும் விலக்கிவிட்டு, எஞ்சியதை இயற்கை என்று ரசிக்கும் கண் எல்லாருக்கும் வாய்க்காது. தலைமுறைகளாகப் பழகி வந்த கண் அது. நம்மில் பலருடைய பாட்டியும் தாத்தாவும் தீம்பாரில் பால்மரம் சீவியவர்கள் என்பதை எண்ணினால் இந்தப் பழக்கத்தின் வலிமை இன்னும் விளங்கும்.

குளிரைப் பற்றிய நம் ஞானமும் பெரிது. பகலில் 25 டிகிரியைத் தாண்டாத மலை என்றால் நமக்குச் சொர்க்கம். விடியற்காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பனிமூட்டத்தைப் படம் எடுக்கிறோம். அதே நேரத்தில் அதே மூட்டத்துக்குள் ஆள்கள் செடிக்குள் இறங்குகிறார்கள். இலையில் இரவுப் பனி நிற்கும். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டாலும் பத்து வரிசை போவதற்குள் துணி நனைந்துவிடும். பிறகு அவர்கள் எதிர்பார்ப்பது வெயிலைத்தான். ஒன்பது, பத்து மணிக்கு மூட்டம் விலகி முதுகில் சூடு விழும்போது கிடைக்கிற சுகம் இருக்கிறதே, அதுதான் இந்த மலையில் கோடை. நாம் எதிலிருந்து ஓடி வந்தோமோ, அதற்காக அங்கே ஒருவர் காத்திருக்கிறார். நாம் நிழலை விரும்பி மேலே போவதால் வெயிலை அவர்களுக்கே விட்டுக்கொடுக்கிறோம் என்றும் நம்மைப் பாராட்டிக்கொள்ளலாம்.

தோட்டத்து மக்களின் சுகங்கள் உண்மையிலேயே எளியவை. ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் லயத்து வாசலெங்கும் துணி காயும். பின்கட்டில் சௌசௌக் கொடி. மாலையில் படியில் உட்கார்ந்து பேச்சு. பிள்ளைகளுக்குப் பந்து உதைக்க ஒரு திடல். பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலில் விசேஷம் என்றால் தோட்டந்தோட்டமாக வண்டி பிடித்துப் போவார்கள். இதில் எதற்கும் நுழைவுச்சீட்டு இல்லை. எதையும் யாரும் விளம்பரம் செய்ததும் இல்லை. எளிமையில் இன்பம் காண்பது எப்படி என்று புத்தகம் வாங்கிப் படிக்கிற நாம், அதை வாழ்ந்துகொண்டிருக்கும் வீட்டு வரிசையைக் காரில் கடக்கிறோம்.

நாக்கும் நம்முடையது நயமானது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அது வாட வேண்டும், உருள வேண்டும், நிறம் மாற வேண்டும், சூட்டில் காய வேண்டும், சலித்துத் தரம் பிரிய வேண்டும். இத்தனையும் கடந்து கோப்பைக்கு வந்ததை ஒரு வாய் குடித்ததுமே 'கொஞ்சம் துவர்க்கிறது' என்று சொல்லிவிட நமக்கு முடிகிறது. பக்கத்தில் அழகான கூடை ஒன்று இருந்தால் வெறுங்கூடையைப் பிள்ளையின் முதுகில் மாட்டிப் படமும் எடுக்கிறோம். தோட்டத்தில் அந்தக் கூடையின் காலம் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் கத்தரி வந்தது. இப்போது இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துப் போகும் இயந்திரம் செடியின் தலையை வழிக்கிறது. அதைப் பிடிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பெரியவர்கள் கப்பலேறி வந்தபோது அவர்களுக்கு எது சொல்லப்பட்டதோ, ஏறத்தாழ அதுவே விமானத்தில் வரும் இவர்களுக்கும் சொல்லப்படுகிறது. ஒரு முறையை இவ்வளவு காலம் கெடாமல் காப்பாற்றியதற்கும் ஒரு பாராட்டு உண்டு.

விடுமுறை நாள்களில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை கார்கள் அசையாமல் நிற்கும். நாம் சலிக்காமல் உட்கார்ந்திருப்போம். மலையின் அரசு மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து நோயாளியை ஏற்றி வரும் வண்டிக்கும் அதே சாலைதான். நம் பொறுமையில் அவர்களுக்கும் பங்கு கொடுக்கிறோம்.

பொறுமை என்று வந்தால் நாட்டையும் சேர்த்துப் புகழ வேண்டும். விடுதலை 1957-இல் கிடைத்தது. இதைவிடக் குறைத்துச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013-இல், தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என்று. 56 ஆண்டு நிதானம். 2025 பிப்ரவரியிலிருந்து அது 1,700 ரிங்கிட். இடையில் 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச்சீட்டு வேண்டும் என்றான பிறகு, ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். பலருக்கு இந்த மண்ணைத் தவிர வேறு ஊர் நினைவில்கூட இல்லை. இதையும் நாம் அமைதியாகக் கடந்து வந்திருக்கிறோம். இன்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கப் பட்டு வணிகர் 1967-இல் இந்த மலையில் நடக்கப் போய்க் காணாமல் போன கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு ஆண்டு கழித்துக் காணாமல் போன அறுபதாயிரம் பேரைப் பற்றிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். எதை நினைவில் வைப்பது, எதை விடுவது என்று நமக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக நம் நாகரிகத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆளைப் பார்த்தால் சிரிக்கிறோம், 'என்னக்கா, சாப்பிட்டாச்சா?' என்கிறோம், படத்துக்குக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறோம். 'உங்கள் வீடு யாருடையது?' என்று மட்டும் கேட்டு அவரைச் சங்கடப்படுத்துவதில்லை. தோட்டக் குடியிருப்பு வேலையோடு வருவது, வேலையோடு போவது. பெற்றோர் வேலை செய்த வரிசையிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே பேரப்பிள்ளை எடுத்தாலும் பெயரில் ஓர் அடி மண் இல்லை. ஓய்வு பெறும்போது பிள்ளைகளில் யாராவது தோட்டத்தில் வேலைக்கு இருந்தால் அந்த வீட்டில் இருக்கலாம். படித்து ஈப்போவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால், பிள்ளையை முன்னேற்றிய தாய்க்குக் கூரை இல்லை. பிள்ளையைப் படிக்கவைத்ததற்கு வீட்டை விலையாகக் கேட்கும் ஏற்பாட்டுக்கு நடுவே உட்கார்ந்துதான் நாம் கேக் தின்கிறோம். மலையில் ஓட்டலுக்கு நிலம் கிடைக்கிறது, காய்கறித் தோட்டத்துக்குக் கிடைக்கிறது, மலர்ப் பண்ணைக்குக் கிடைக்கிறது. 2004 முதல் 2018 வரை கேமரன் மலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர்கள் தமிழர்கள். அவர்களில் ஒருவர் அமைச்சராகவும் இருந்தார். நாம் வாக்களித்துவிட்டு எதையும் கேட்டு நச்சரிக்கவில்லை.

இந்த நல்ல குணங்களை இனிக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். அடுத்த விடுமுறைக்கு மேலே போகிறவர்கள், தேநீர் குடிக்கும் இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கொழுந்தை எடுத்தவர் ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியிருப்பார்? கடைக்காரருக்குத் தெரியாது என்றால் தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். இந்த நாட்டில் ஓய்வு வயது 60. தோட்டத்தில் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வயதும் அதுதான்.