என் முகமும் ஊராரின் வைத்தியமும்

நிந்தவூரில் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். பல்வலி என்றால் பல் டாக்டரிடம் அனுப்புவார்கள். முகத்தில் பரு வந்தால் மட்டும் எங்கேயும் போகத் தேவையில்லை. வைத்தியர்கள் வீடு தேடி வருவார்கள். அதிலும் பரு வந்தவள் கலியாண வயதுப் பெண் என்றால் வாசலில் செருப்புக் குவியும்.

என் கன்னத்தில் பருக்கள் கிளம்பியபோது முதலில் கேஸை எடுத்தவர் மூத்தம்மா. "கிரந்திச் சாமான் திண்டு வந்த வேலை இது. இனி இறாலும் நண்டும் வாணாம்" என்று தீர்ப்பு வந்தது. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் இறாலையும் நண்டையும் கணவாயையும் தள்ளிவைத்தால் தட்டில் மிஞ்சுவது பருப்பு. பருப்புச் சாப்பிட்டு நான்தான் மெலிந்தேன், பரு மெலியவில்லை. உணவுக்கும் பருவுக்கும் உள்ள உறவைத் தேடிய ஆய்வுகள் சந்தேகப்படுவது, இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் சாப்பாட்டையும் பாலையும்தான். விசாரிக்கப்படவேண்டியது இறால் அல்ல. "இறால் திண்ணாத" என்று சொல்லிக்கொண்டே மூத்தம்மா என் கையில் தந்த, சீனி அள்ளிப்போட்ட பால் தேத்தண்ணிதான்.

அடுத்து மாமி வந்தார். கையில் தேசிக்காய். "பாதியா வெட்டி மொகத்துல தேய் மகள். எரிஞ்சா மருந்து வேலை செய்யிது எண்டு அர்த்தம்." எரிந்தது. மருந்து வேலை செய்ததால் அல்ல. நம் தோலின் அமிலத்தன்மை பிஎச் 5 அளவில் இருக்கும். தேசிக்காய்ச் சாறு 2 அளவில். அதைப் பூசிக்கொண்டு கச்சான் காலத்து வெயிலில் இறங்கினால் தோல் வெந்து, கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். மாமியின் கணக்கில் அதுவும் குணம்தான்: பரு போய்விட்டதே!

பக்கத்து வீட்டு ராத்தா நவீன சிந்தனை உள்ளவர். அவருடைய மருந்து பற்பசை. பருவின் மேல் ஒரு பொட்டு வைத்தால் விடியும்போது காய்ந்துவிடுமாம். காயத்தான் செய்யும், பருவைச் சுற்றியுள்ள தோலும் சேர்ந்து. பல்லுக்குச் செய்த சரக்குக்குக் கன்னத்தில் என்ன வேலை? எதிர்வீட்டு மாமி இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். "எல்லாம் இரசாயனம். தேங்காயெண்ண பூசு, இயற்கை" என்றார். தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது, சுண்டலுக்கு நல்லது. பரு வரும் முகத்தில் மயிர்க்கால்களை அடைக்கிற விஷயத்திலும் அது நல்ல கெட்டிக்காரி.

கண்ணூறுதான் காரணம் என்று ஒரு பெரியம்மா சொன்னார். அந்த ஒரு நோய்க்காரணத்தை மட்டும் நான் எதிர்க்கவில்லை. கண்ணூறு படுகிற அளவுக்கு நான் அழகு என்று ஊரில் முதல்தடவையாக ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறாரே.

எல்லாவற்றிலும் என்னை உசுப்பியது "மொகத்த ஒழுங்காக் கழுவிறல்ல போல" என்ற குற்றச்சாட்டு. ஐந்து நேரத் தொழுகைக்கும் வுழூச் செய்து கழுவுகிற முகம் ஐயா இது! அழுக்கால் பரு வருமென்றால் எங்கள் ஊரில் ஒரு பருவும் இருக்கக்கூடாது. வளரும் வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் மயிர்க்காலோடு ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடுகின்றன. செத்த தோற்செல்கள் வழியை அடைக்கின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் அக்னஸ் என்ற கிருமி பெருகுகிறது, உடம்பு அதோடு சண்டைக்குப் போகிறது, கன்னம் சிவக்கிறது. கரும்புள்ளியின் கறுப்புக்கூட அழுக்கல்ல, காற்றுப்பட்டுக் கறுத்த கொழுப்பும் மெலனினும். 12 வயதுக்கும் 24 வயதுக்கும் இடையில் 100 பேரில் ஏறக்குறைய 85 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது.

அந்த 85 பேரில் என் தம்பியும் ஒருவன். அவனுக்கு நெற்றி முழுக்கப் பரு. ஆனால் அவனிடம் தேசிக்காயோடு எவரும் வந்ததில்லை. "வயசுப் பொடியன், அப்பிடித்தான்" என்பதோடு அவன் கேஸ் முடிந்தது. ஒரே உம்மா வயிற்றில் பிறந்த இருவருக்கு ஒரே நோய்; அவனுக்கு அது வயதுக் கோளாறு, எனக்குக் கலியாணக் கோளாறு.

இந்த அவசரத்தை நன்றாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் ஃபென்ஸி கடைக்காரர்கள். பெயர் விளங்காத டப்பாவில் வரும் கிரீம். மூன்று நாளில் முகம் பளிச்சென்றாகுமாம். இப்படிப்பட்ட வெளுப்புக் கிரீம்கள் பலவற்றில் பாதரசம் இருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மெலனினைத் தடுத்து முகத்தை வெளுக்கச் செய்கிற அதே பாதரசம் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுக் கிரீம்களை 2020க்குள் ஒழிக்கவேண்டும் என்று மினமாட்டா உடன்படிக்கை கெடு வைத்தது. கெடு முடிந்துவிட்டது, டப்பா முடியவில்லை. வேறு சிலவற்றில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீரோய்ட் கலந்திருக்கும். சிவப்பு உடனே அடங்கும். பூசப் பூசத் தோல் மெலியும். நிறுத்தியதும் பரு இரட்டிப்பாகத் திரும்பி வரும், பெரும்பாலும் வலீமாச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக.

கடைசியில் ஒரு தோல் வைத்தியரிடம் போனேன். அவர் சொன்னதைக் கேட்டு உம்மாவுக்கு ஏமாற்றம்; அரைக்கவோ ஊறவைக்கவோ ஒன்றுமே இல்லை. காலையும் இரவும் மென்மையான ஃபேஸ் வோஷ். எண்ணெய்ப் பசையில்லாத மொய்ஸ்சரைசர். பகலில் சன்ஸ்கிரீன், ஏனென்றால் நம் நிறத்தில் பரு போனாலும் அதன் கறுப்பு வெயிலில் நிலைத்துவிடும். இரவில் 2.5 வீத பென்சாயில் பெராக்சைட். 10 வீதத்தை வாங்கினால் நாலு மடங்கு சுகம் கிடைக்காது, எரிச்சல்தான் கூடும். தேவைப்பட்டால் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணியளவு அடாபலீன். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. ஸ்காஃபைத் தினமும் துவைத்து மாற்றவேண்டும். வியர்வையும் உராய்வும் தாடையில் பரு வளர்க்கும். கிள்ளக்கூடாது, பிதுக்கக்கூடாது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

இதில் கஷ்டமானது கடைசி விதிதான். பன்னிரண்டு வாரம் பொறுக்கும் பழக்கம் எங்கள் ஊரில் நெல்லுக்கு உண்டு, முகத்துக்கு இல்லை. இன்னொரு எச்சரிக்கை: பென்சாயில் பெராக்சைட் துணியின் சாயத்தைத் தின்னும். உம்மா ஆசையாக வாங்கிய நீலத் தலையணை உறை என் கன்னத்தின் வடிவில் வெளுத்துப்போனது. வீட்டில் வெள்ளையானது அது ஒன்றுதான்.

என் அனுபவத்தில், முகத்தின் மேல் கைவைப்போர் தொகை குறையக் குறையப் பருவும் குறைகிறது. ஆகவே தாய்மாரே, மாமிமாரே, ராத்தாமாரே! அடுத்த கலியாண வீட்டில் முகத்தில் பருவோடு ஒரு பிள்ளையைக் கண்டால் "சாப்பிட்டீங்களா மகள்?" என்று கேளுங்கள். வைத்தியம் சொல்லியே ஆகவேண்டும் என்று நாக்குத் துடித்தால், அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கைக் காட்டிவிடுங்கள். அங்கே காசும் கேட்கமாட்டார்கள், எப்போது கலியாணம் என்றும் கேட்கமாட்டார்கள்.