கப்பல் இருக்கிறதா?

அரிசி மானியத்தை எடுத்துவிட்டால் நாடு நிமிர்ந்துவிடுமாம். தஞ்சை மாவட்டத்துப் பூதலூரில் போய்ச் சொல்லிப் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டாத நெல்லை அரசு வாங்குகிறது. அதுதான் அரைபட்டு ரேஷன் கடைக்கு வருகிறது, 2011 ஜூன் முதல் விலையில்லாமல். கடையை மூடிவிட்டால் அத்தனை நெல்லையும் யார் வாங்குவார்? சந்தை வாங்கும். என்ன விலைக்கு என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

இலங்கையில் 1953-இல் அரிசி மானியத்தைக் குறைத்தே பார்த்தார்கள். ஒரு கொத்து அளவு 25 சதத்துக்கு விற்ற பங்கீட்டு அரிசி 70 சதமானது. ஆகஸ்ட் 12-இல் ஹர்த்தால். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது! அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

பூதலூர் வட்டத்தில் கல்லணை இருக்கிறது. ஆனால் போர்க்கப்பல் நிற்க ஆழம் போதாது. மானியத்தில் கை வைக்கிறவர்கள் முதலில் காவிரியைத் தூர்வாரிக்கொள்ளட்டும். விவசாயிக்கும் அது உதவும்.