நிறுத்தலும் நிறுத்தல் நிமித்தமும்

வேலூர்க்காரர் யாரைக் கேட்டாலும் ஓர் 'இல்லாத'ப் பட்டியலை ஒப்பிப்பார். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ். (கடைசியாகச் சொன்னது கோட்டையில் பயிற்சியில் இருந்த காவலர்களை. பணியில் இருப்பவர்கள் தங்களைச் சொன்னதாக எண்ணி என் வண்டியை ஓரங்கட்ட வேண்டாம்.) இந்தப் பட்டியலில் ஓட்டை விழுந்து வெகுநாளாகிறது. ஜலகண்டேஸ்வரர் 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளமே வந்தது. பார்க்க நானும் போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் எங்கும் வண்டி விட இடம் கிடைக்காமல், பார்க்காமலே திரும்பினேன். எனவே காலியாகிவிட்ட இரண்டு இடங்களில் ஒன்றில் 'பார்க்கிங் இல்லாத பஜார்' என்பதைச் சேர்க்கலாம் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வெல்லை: கிழக்கே வேலூர் கிரீன் சர்க்கிள், மேற்கே ஆம்பூர் ஓ.ஏ.ஆர். தியேட்டர் சிக்னல். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டதால், ஒரே ஸ்கூட்டரில் நடந்த இந்த ஆய்வைப் பன்மாவட்ட ஆய்வு என்றே சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. கருவிகள்: மேற்படி ஸ்கூட்டர், நாற்பது பக்க நோட்டு, பின் சீட்டில் மைத்துனர்.

வரலாற்றை முதலில் முடித்துவிடுவோம். கோட்டையைச் சுற்றியுள்ள அகழி விஜயநகரக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் வைக்கப்பட்ட நோ பார்க்கிங் பலகை. ஊரில் இன்றுவரை எல்லாரும் மதிப்பது அது ஒன்றைத்தான். 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி விரைந்து வந்தார். வந்தவர் வாசலில் மாட்டிக்கொண்டார். கதவை உடைக்க வேண்டிய பீரங்கி வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. காட்பாடியிலிருந்து பாலம் தாண்டி பஜாருக்கு வருபவர்களுக்கு இந்த நிகழ்ச்சியை விளக்கத் தேவையில்லை.

1900இல் ஒரே படுக்கையோடு மருத்துவம் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை இன்னும் நுட்பமானது. குடியாத்தம் வழியில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தவர் அவர். அன்று டாக்டரின் வண்டி நிற்கும், நோயாளிகள் அதைச் சுற்றிக் கூடுவார்கள். இன்று நோயாளிகளின் வண்டிகளெல்லாம், அவர் தொடங்கிய ஆஸ்பத்திரி இருக்கும், அவர் பெயர் தாங்கிய சாலையைச் சுற்றிக் கூடுகின்றன. வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்களை ஏற்றி இறக்கியே அங்குள்ள ஆட்டோக்காரர்கள் வங்காள மொழி பேசுகிறார்கள். "வண்டிய எடுபா" என்பதை மூன்று மொழிகளில் சொல்லக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றுக்கும் வண்டி நகரவில்லை.

இத்துறையில் முதல்நூல் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு. பொது இடத்தில் ஆபத்தோ, தடங்கலோ, தகாத அசௌகரியமோ உண்டாகும்படி வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்கிறது அது. இதில் 'தகாத' என்ற அடைமொழிதான் சிக்கல். தகாத அசௌகரியம் உண்டென்றால் தகுந்த அசௌகரியம் என்று ஒன்று இருக்க வேண்டுமே! இதற்கு உரை கண்டவர் மூவர். லாங் பஜார் மொத்தக்கடைக்காரர் உரை: சரக்கு இறக்கும் மினி லாரி தருவது தகுந்த அசௌகரியம், அதன் பின்னால் நின்று ஹாரன் அடிப்பது தகாதது. மினி லாரி டிரைவர் உரை: உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தால் அது நிறுத்தமே அல்ல, "சும்மா நின்னுக்கினு கீது." என் மனைவியின் உரை: இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டுவிட்டால் எந்த அசௌகரியமும் தகுந்ததாகிவிடும். மூன்றாம் உரையே பெருவழக்கு.

இனி உரிப்பொருள். வண்டியை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போவது பிரிதல். யாராவது எடுப்பார்களா என்று இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பது இருத்தல். திரும்பி வந்து கதவில் கோடு விழுந்ததைக் காண்பது இரங்கல். கடைக்காரரோடு நடப்பது ஊடல். அவர் வாசலில் ஒரு கல், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் தண்ணீர் நிரப்பிய கேன் ஆகியவற்றை வைத்திருப்பார். கல்லை நகர்த்தலாம், ஸ்டூலை நகர்த்தலாம், கேன் வைத்த ஸ்டூலை நகர்த்தியவரை நான் பார்த்ததில்லை. புணர்தலுக்கு எடுத்துக்காட்டு தேடினேன். ஓர் இண்டு இடுக்கில் இரண்டு பைக்குகளின் ஹேண்டில்பார்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, உரிமையாளர்கள் இருவர் வந்தும் பிரிக்க முடியாமல் நின்றன. அதையே குறித்துக்கொண்டேன்.

களப்பணியில் அதிகம் காதில் விழுந்த சொல் 'ஒத்து'. "அண்ணே, கொஞ்சம் ஒத்துங்க." "யக்கா, வண்டிய ஒத்துக்கா." நகர்ந்து வழிவிடு என்பது மேலோட்டமான பொருள். ஆனால் ஒத்துழைப்பு என்பது இதன் உடன்பிறப்பு. ஒத்திவைப்பும் அப்படியே, நகர்த்தியவர் வேலையை முடிப்பதை அடுத்த ஆளுக்குத் தள்ளிவைக்கிறார். முக்கியமாக, ஒத்தி என்பது நிலத்தை அடமானமாக வாங்கி அனுபவிக்கும் உரிமை. பிறர் கடை வாசலை நாம் ஒத்திக்கு எடுக்கிறோம், மீட்கிறவர் வந்ததும் ஒத்திக்கொள்கிறோம். மொழியியலாளர்கள் இந்த வேர்ச்சொல் ஆராய்ச்சியை ஏற்க மாட்டார்கள். அவர்களுக்கு வண்டி இருக்காது.

ஆம்பூரில்தான் என் கருதுகோள் உடைந்தது. ஷூ கம்பெனி ஷிப்ட் விடும் நேரம். வேலை முடிந்த பெண்கள் கம்பெனி பஸ்களை நோக்கி வரிசையாகப் போகிறார்கள், பெங்களூர் கார்கள் பிரியாணிக்காகச் சர்வீஸ் ரோட்டில் மூக்கை நுழைக்கின்றன. ஒரு டீக்கடை முன்னால் சுமார் பத்து வண்டிகள் நின்றன. இடமே இல்லையென்று நான் திரும்பும்போது டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார். கட்டிங் செக்‌ஷனில் வேலையாம்.

"எங்கணே போறீங்க? ஹேண்டில லெஃப்ட்ல ஒடிங்க. சென்டர் ஸ்டாண்ட் வாணாம். அவன் சைலென்சருக்கு இந்தாண்ட உங்க ஃபுட்போர்டு பூந்துடும்."

புகுந்துவிட்டது.

அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கிற்று. தோல் என்பது துணி மாதிரி நீள அகலம் உள்ள பொருளல்ல. ஆடோ மாடோ எந்த வடிவத்தில் வளர்ந்ததோ அந்த வடிவம். முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தளர்ச்சி, நடுவில் உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு. கட்டர் அதன்மேல் டை என்ற வெட்டு அச்சை வைத்து, திருப்பி, கவிழ்த்து, தழும்பைத் தவிர்த்து வெட்ட வேண்டும். ஷூவின் முன்பக்கம் நல்ல இடத்திலிருந்து வரணும், கண்ணில் படாத துண்டுகள் வயிற்றுப் பக்கம் போனால் போதும். சதுர அடிக்குக் காசு. வேஸ்ட் விட்டால் சூப்பர்வைசர் கேட்பார். அந்தக் கண்ணோடு தெருவைப் பார்க்கிறார்கள் இவர்கள். டிரான்ஸ்ஃபார்மர், சாக்கடை மூடி, தோசைக்கல் வண்டி எல்லாம் தழும்பு. புல்லட்டுக்கு முதுகு, டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு வயிறு.

'பார்க்கிங் இல்லாத' என்பதை இத்தால் வாபஸ் பெறுகிறேன். இங்கே இடம் இருப்பதில்லை, வெட்டி எடுக்கப்படுகிறது. பட்டியலில் காலியிடம் காலியாகவே இருக்கட்டும். விட்டுவைத்தால் அதிலும் யாராவது வண்டியை நிறுத்துவார்கள்.

என் ஸ்கூட்டருக்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சிய சந்தை அவர் தலைசாய்த்துப் பார்த்தார். "இதுல ஒரு டங் வெட்டலாம்ணே" என்றார். ஷூவில் லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கைச் சொல்கிறார் என்று மைத்துனர் விளக்கும் முன்பே ஒரு பள்ளிக்கூடப் பையன் சைக்கிளை அங்கே சொருகிவிட்டு டியூஷனுக்கு ஓடினான். பின்னாலேயே ஒரு புல்லட் வந்து முன்பக்கத்தை அடைத்தது. கட்டர் தன் வண்டியை எப்படியோ உருவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இக்கட்டுரையின் பெரும்பகுதி அந்த டீக்கடை பெஞ்சில், புல்லட்டின் சொந்தக்காரருக்காகக் காத்திருந்தபோது எழுதப்பட்டது. 'ரெண்டே நிமிஷம்' என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். நாற்பது பக்க நோட்டில் இன்னும் நான்கு பக்கம் பாக்கி இருக்கிறது.