பழி யாருக்கு? மழையில் நின்றுபோன குடும்ப வண்டி குறித்து ஒரு பேரையூர் ஆய்வு

பேரையூரில் மழையைத் திட்டக் கூடாது. மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், சாப்டூர் மலைக்கும் டி.கல்லுப்பட்டிக்கும் நடுவே கிடக்கும் மானாவாரி பூமி அது. மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நிற்கும். ஆனால் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை அந்தப் பக்கத்துக் கேரளத்திலேயே வாங்கிக்கொண்டுவிடும். பருத்தியும் மக்காச்சோளமும் போட்டவர்கள் ஐப்பசி, கார்த்திகையை நம்பித்தான் காலம் தள்ளுகிறார்கள். கல்யாணப் பந்தல் சரிந்து விழுந்தாலும் பெண்ணைப் பெற்றவர் வானத்தைப் பார்த்து ஒரு சுடுசொல் சொல்லிவிட முடியாது. கண்மாய் மறுகால் பாய்ந்தால் பிள்ளைகுட்டிகளோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஊர்.

இந்த ஆய்வின் சிக்கலே இதுதான். குடும்பத்தோடு திருச்செந்தூருக்குக் கிளம்பிய வேன் மழையில் நின்றுவிடுகிறது. யாரையாவது ஏசியாக வேண்டும். மழையை ஏசக் கூடாது. கும்பிடப் போகிற முருகனை ஏசினால் போன காரியம் கெடும். மிச்சம் இருப்பவர்கள் வண்டிக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் பதினான்கு பேர். இயற்கையின் மேல் போக வேண்டிய பழி, போக்கிடம் இல்லாமல் உறவுமுறைக்குள் பங்கு போடப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். மாதிரிக் குடும்பம் என்று இங்கே சொல்லப்படுவது பேரையூரில் எந்த ஒரு வீட்டையும் குறிக்காது. குறிப்பதாக யாருக்காவது பட்டால் அது கருதுகோளுக்கு வலுச் சேர்க்கும்.

முன்னாய்வு என்று பார்த்தால் சங்க காலத்துக்கே போக வேண்டும். தொல்காப்பியம் முல்லைத் திணைக்குக் கார்காலத்தையும் மாலைப் பொழுதையும் ஒதுக்கியிருக்கிறது. வினைமேல் போன தலைவன் மழை தொடங்குவதற்குள் திரும்பிவிடுவதாக வாக்குக் கொடுத்திருப்பான்; மேகம் கூடிவிட்டதே என்று பாகனை முடுக்குவான். பருவமழையோடு போட்டி போட்ட சாலைப் பயணங்களுக்கு உலகில் இவ்வளவு பழைய ஆவணம் வேறு எங்கே இருக்கிறது? பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டின் 103 அடிகளும் இந்தக் காத்திருப்பைப் பற்றியவைதான். ஆனால் ஆய்வாளருக்கு அங்கே ஏமாற்றமே மிஞ்சுகிறது. தேரில் இருப்பவர்கள் தலைவனும் பாகனும் மட்டுமே. அப்பத்தா இல்லை, சித்தப்பா இல்லை, வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும் சின்னவன் இல்லை. தாமதம் ஆனால் யாரால் ஆனது என்ற பேச்சுக்கே இடமில்லாத பயணம் அது. முல்லை அவ்வளவு அமைதியான திணையாக இருப்பதற்கு உரையாசிரியர்கள் சொல்லாத காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

அடுத்து வரையறை. எந்தக் கட்டத்தில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டதாகக் கொள்வது? இந்திய வானிலை ஆய்வுத் துறையிடம் தெளிவான அளவுகோல் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6 என்றால் மிகக் கனமழை; 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. வேனுக்குள் இது செல்லுபடியாகாது. அங்கே வழங்குகிற அளவுகோல் வேறு. ‘தூத்தல்தேன்’ என்பது முதல் நிலை. ‘இந்தா விட்டுரும்’ இரண்டாவது. ‘ஒரு டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புவோம்’ மூன்றாவது. நிலைமை கைமீறிவிட்டதை ஆண்கள் உள்ளுக்குள் ஒப்புக்கொள்ளும் இடம் இது. நான்காவது, அம்மா வாயிலிருந்து வரும் ஓர் உத்தரவு: ‘அந்தப் பெட்டியைப் பிரிங்க.’

அந்தப் பெட்டியில் இருப்பது கோவில்பட்டிக் கடலைமிட்டாயாக இருக்கலாம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவாக இருந்தால் அதற்கு முந்தைய ஆண்டே பெற்றது. குறியீடு எதுவாயினும், அது பிறத்தியாருக்குக் கொடுப்பதற்கென்று வாங்கிக் கட்டியது. தூத்துக்குடி மதினி வீட்டுக்குப் போக வேண்டிய பெட்டியின் சணல் அறுபடும் நேரமே பயணம் முறைப்படி நின்றுபோன நேரம் என்று இக்கட்டுரை கொள்கிறது. புளிச்சோற்றை இதற்கு அளவாகக் கொள்ள முடியாது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதை விருதுநகர் தாண்டுவதற்குள் பிரித்துவிடுவார்கள்.

இனி களத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். விடுமுறையும் நல்ல நாளும் சேர்ந்து வந்தால் தென்மாவட்டத்து வேன்களுக்கு எந்தத் திசை என்று சொல்ல வேண்டியதில்லை. குமரிக் கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சி அன்று நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் மேல் கொட்டத் தொடங்கியது. மறுநாள் காலை 8.30 மணிக்கு அளந்தபோது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவாகியிருந்தது. மதுரை மாவட்டம் ஓராண்டு முழுக்கக் காத்திருந்து வாங்கும் சராசரி மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62, பேரையூர்க்காரர்கள் போகிற வழியிலுள்ள கோவில்பட்டியில் 53. தாமிரபரணி கரை கடந்தது. குளங்கள் உடைந்தன, சாலைகள் துண்டு துண்டாயின. கோயிலுக்குப் போனவர்கள் வெளியே வர வழியின்றித் திருச்செந்தூரிலேயே தங்கினார்கள். மழைக்காகச் சாமியிடம் வேண்டிக்கொண்டு போன சம்சாரிகளும் அவர்களில் இருந்திருப்பார்கள். அந்த வேண்டுதலை அதன்பின் யாரும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒப்பீட்டுக்கு ஒரு ரயிலை எடுத்துக்கொள்ளலாம். அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. முன்னே ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஏறத்தாழ 800 பயணிகள். அவர்களில் 300 பேர் போல அருகிலிருந்த பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். மற்றவர்கள் நிலையத்திலும் பெட்டிகளிலுமாக இருந்தார்கள். தங்கள் வீடுகளிலும் தண்ணீர் சூழ்ந்திருந்த நிலையில் புதுக்குடி ஊர்மக்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். 19-ஆம் தேதி பயணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த நிலையத்தில் குடும்பச் சண்டைகள் நடந்ததாகச் செய்தி எதுவும் கண்ணில் படவில்லை. காரணம் தெளிவு: ரயில் கிளம்பும் நேரத்தை ரயில்வே குறிக்கிறது. மாமா குறிப்பதில்லை.

சொந்த வண்டியிலும் சண்டை வராத இடங்கள் உண்டா? 2022 ஜனவரி 3, 4 தேதிகளில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஐ-95 நெடுஞ்சாலை பனியில் உறைந்து, நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரு நாள் முழுக்க அசையாமல் நின்றன. செனட் உறுப்பினர் டிம் கெய்ன் 27 மணி நேரம் காரில் இருந்தார். புளோரிடாவில் விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் வரிசையில் நின்ற கார்களுக்கெல்லாம் ஆரஞ்சுப் பழம் கொடுத்துக்கொண்டே நடந்ததாக அவர் சொன்னார். ஊருக்கு வாங்கிய பழமாகத்தான் இருக்க வேண்டும். ‘அந்தப் பெட்டியைப் பிரிங்க’ என்ற விதி கண்டம் கடந்தும் செல்லுபடியாகிறது. அதே சாலையில் சிக்கிய ரொட்டி லாரி ஒன்று தன் சரக்கைப் பசித்தவர்களுக்குத் திறந்துவிட்டது. இங்கிலாந்தில் 2021 நவம்பரில் ஆர்வென் புயலின்போது டான் ஹில் என்ற மலைமேல் மதுவிடுதியில் ஏறத்தாழ 60 பேர் மூன்று இரவுகள் சிக்கினார்கள். அங்கே ஓயாசிஸ் குழுவின் பாடல்களைப் பாட வந்த இசைக்குழுவும் சேர்ந்து சிக்கியது. பேரையூர் வேனில் அந்த வேலையை ஒரே பென்டிரைவ் செய்கிறது. அதில் இளையராஜா பாடல்கள் மட்டும்தான் இருக்கும், அவையும் மூன்றாம் சுற்றில் குற்றச்சாட்டுக்கு உரியவையாகிவிடும்.

வண்டி நிற்கும் இடம் பெரும்பாலும் ஒரு தரைப்பாலத்துக்கு முந்தைய டீக்கடை. நாட்டின் முன்னணி நீரியல் விவாதங்கள் இங்கேதான் நடக்கின்றன. ஒருவர், “ஓடையில தண்ணி போகுது, இறங்கிராதீங்க” என்பார். மற்றொருவர் டீயை ஆற்றிக்கொண்டே, “இப்பத்தேன் ஒரு லாரி போச்சு” என்பார். லாரி வாதம் என்று இதை அழைக்கலாம். இதன் துணைவாதமாக, “எக்ஸெல்லே போயிருச்சுங்கிறேன்” என்பதும் உண்டு. லாரிக்கு எடையும் உயரமும் இருப்பதையும், எக்ஸெல் மொபெட்டை ஓட்டியவர் அதைத் தள்ளிக்கொண்டுதான் போனார் என்பதையும் இவ்வாதங்கள் கணக்கில் எடுப்பதில்லை. 30 செ.மீ. உயரத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீர் பெரும்பாலான கார்களைத் தள்ளிவிடும் என்றும், 60 செ.மீ. என்றால் பெரிய வண்டிகளுக்கும் அதே கதி என்றும் அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. அடித்துக்கொண்டு போகாவிட்டாலும், காற்று இழுக்கும் குழாய் வழியே தண்ணீர் உள்ளே போகும். காற்றை அமுக்கப் பழகிய பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். ‘இன்ஜின் தண்ணி குடிச்சிருச்சு’ என்று மெக்கானிக் இதைச் சுருக்கமாகச் சொல்வார், அவருடைய பில் நீளமாக இருக்கும்.

இந்த இடத்தில் ஆய்வாளர் கேலியைச் சற்று நிறுத்திக்கொள்கிறார். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீருக்குள் இறங்கிய காரில் ஓர் உயிர் போனது. பேரையூருக்குப் பக்கத்திலேயே, சதுரகிரி மலையில், 2015 மே மாத அமாவாசைக் கூட்டத்தைத் திடீர் வெள்ளம் தாக்கிப் பக்தர்கள் இறந்தார்கள். மழை நாட்களில் வனத்துறை மலைப்பாதையை அடைப்பதும், அடைத்த வாசலில் நின்று “தூரத்துல இருந்து வந்துட்டோம் சார்” என்று குடும்பத் தலைவர்கள் மன்றாடுவதும் இன்றும் நடக்கிறது. அடைத்தவர் சரியாகத்தான் அடைத்திருக்கிறார்.

பழிப் பங்கீட்டுக்குத் திரும்பலாம். விசாரணை எப்போதும் புறப்பட்ட நேரத்திலிருந்தே தொடங்கும். அஞ்சு மணிக்குக் கிளம்பியிருந்தால் மழைக்கு முன்னால் சாமியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம் என்பது அப்பாவின் தரப்பு. கல்லுப்பட்டியைத் தாண்டியது ஏழேகாலுக்கு. இடையில் போன இரண்டேகால் மணி நேரத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பச் சொன்னவர் அயித்தை. பூ வராமல் வண்டி ஏற மாட்டேன் என்றது மதினி. சித்தப்பா கல்லுப்பட்டியில் இறங்கிப் பேப்பர் வாங்கினார். வானிலைச் செய்தி அந்தப் பேப்பரிலேயே இருந்தது என்பது அவர்மேல் தனிக் குற்றச்சாட்டு. வைப்பர் ரப்பரை மாற்றாதது வண்டி உரிமையாளரின் பொறுப்பு. பதினொரு மாதம் மதுரை வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பர், பன்னிரண்டாம் மாதம் கண்ணாடியில் தண்ணீரைத் துடைக்காமல் தடவிக்கொண்டிருப்பது இந்த வட்டாரத்தின் பொது நோய். அப்பத்தா மட்டும் தப்பிவிடுகிறார். அவர் நாலு மணிக்கே குளித்து, திருநீறு பூசி, திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அதை அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்.

இது படிக்காத குடும்பங்களின் வழக்கம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2023 வெள்ளம் வடிவதற்குள் அரசுகளுக்கிடையேயும் இதே விசாரணை நடந்தது. டிசம்பர் 12-ஆம் தேதியே எச்சரிக்கை கொடுக்கப்பட்டது என்றார் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். இவ்வளவு பெய்யும் என்று யாரும் சொல்லவில்லை, சிவப்பு எச்சரிக்கை வந்தது தாமதமாகத்தான் என்றது மாநில அரசுத் தரப்பு. அஞ்சு மணிக்கே சொன்னேனே என்ற வாதமும், நீ சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை என்ற பதிலும் எந்த மட்டத்திலும் மாறுவதில்லை என்பதை அரசியல் அறிவியல் துறையினர் கவனிக்க வேண்டும்.

வண்டிக்குள் சமாதானம் வருவது போன் மூலமாக. தொலைக்காட்சியில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூரிலிருந்து மச்சான் அழைப்பார். “எனக்குத் தெரியும், நான் அன்னைக்கே சொல்லலாம்னு நினைச்சேன்” என்பார். அந்த ஒரு வாக்கியம் போதும். பதினான்கு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? வண்டியில் இல்லாத ஒருவர் கிடைத்த பிறகு கடலைமிட்டாய்ப் பெட்டி மீண்டும் ஒரு சுற்று வருகிறது.

ஓட்டுநரை இந்த விசாரணையில் சாட்சியாகக்கூட யாரும் அழைப்பதில்லை. டீக்கடையில் “போக வேணாம்ணே” என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஒரு நாள் வாடகை பேசி வந்த வண்டி இரண்டு ராத்திரி நின்றுவிட்டுப் பேரையூர் திரும்பியதும், வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டே நைட் பேட்டா கேட்பார். “மழை பெஞ்சதுக்கு நாங்க என்னப்பா செய்வோம்?” என்பார் மாமா. மழையின் மேல் பழி போடுவது இந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. அப்பத்தா வாயில் கை வைத்துக்கொள்வார்.

பேச்சு முற்றி, இரண்டு ராத்திரிக்குக் கேட்ட இடத்தில் ஒன்றரை ராத்திரிக்குப் பேட்டா கொடுக்கப்படுகிறது. கழித்த அந்த அரை ராத்திரி எது என்பதில் ஓட்டுநருக்கும் மாமாவுக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.