கால் நொடியில் பதினோரு கட்டளை

ஓய்வு பெற்றபின் ஏதாவது புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் மனதில் இருந்தது வீணையாக இருக்கலாம். நான் கோல்ஃபில் சேர்ந்தேன். பத்துப் பாடங்களுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். தள்ளுபடி என்றால் யானைக்குச் சட்டைகூட வாங்கிவிடுகிற ஆள் நான்.

தைரியத்துக்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் கிட்டிப்புள் ஆடியவன். புள்ளைத் தட்டி எழுப்பி, காற்றில் இருக்கும்போதே கோலால் விளாசிக் கோயில் மதிலைத் தாண்டிப் போட்டிருக்கிறேன். முழங்கையைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. பறக்கிற புள்ளையே அடித்தவனுக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும் 46 கிராம் பந்து எம்மாத்திரம்?

பயிற்சியாளர் என் மகனைவிட இளையவர். “ஒண்ணும் யோசிக்காம, இயல்பா ஒரு அடி அடிங்க சார்” என்றார். அடித்தேன். ஒரு கைப்பிடி மண் பறந்தது. பந்து அங்கேயே இருந்தது.

“நல்லது. இப்ப ஆரம்பிக்கலாம்.”

வலது சுண்டுவிரல் இடது ஆள்காட்டி விரலைப் பின்னிக்கொள்ள வேண்டும். பிடி, குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல இருக்க வேண்டும். இடது முழங்கை மடங்கக் கூடாது. இடுப்பு திரும்ப வேண்டும், தோள் அதைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும், தலை மட்டும் அசையவே கூடாது. உடல் பாரம் வலது காலுக்குப் போய்விட்டு, இடது காலுக்கு வந்து சேர வேண்டும். இப்படியே பதினோரு கட்டளைகள். உச்சிக்குத் தூக்கிய மட்டை இறங்கிப் பந்தைத் தொட ஆகும் நேரமோ ஏறக்குறைய கால் நொடி. நாலு சாமான் வாங்கக் கடைக்குப் போய் மூன்றோடு திரும்புகிறவன் நான்.

“ரிலாக்ஸ் சார்” என்பது பன்னிரண்டாவது கட்டளை.

வீட்டில் புத்தகங்களைப் புரட்டினேன். பென் ஹோகன் 1957-இல் எழுதிய நூலில் மட்டையைப் பிடிப்பதற்கே ஒரு முழுப் பாடம். 1969-இல் ஹோமர் கெல்லி என்பவர், ஒரு வீச்சை 24 பாகங்களாகக் கழற்றி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு கிரைண்டரிலேயே அத்தனை பாகம் கிடையாது. மறுபக்கம் டிமோத்தி கால்வே. 1974-இல் டென்னிஸை வைத்து இவர் எழுதியது இது: நமக்குள் இரண்டு பேர், ஒருவர் அதட்டுகிறார், மற்றவர் ஆடுகிறார், அதட்டுகிறவர் வாயை மூடினால் ஆட்டம் தானே வரும். எனக்குள் அதட்டுகிறவர் முப்பது வருடம் தணிக்கைப் பிரிவில் இருந்தவர். மூட மாட்டார்.

ஆனாலும் இயல்பாகவே ஆடிவிடலாம் என்ற ஆசை விடவில்லை. முறையாகப் பாடம் கேட்காத பப்பா வாட்சன், 2012 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் மரக்கூட்டத்துக்குள் மாட்டிய பந்தை வளைத்தடித்து, குழி இருக்கும் கிரீனில் கொண்டுபோய் நிறுத்தி ஜெயித்தார். பெங்களூரில் கேடியாகப் பை சுமந்த சி. முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பனை வென்றார். கிரிக்கெட் வீரர் பிராட்மன் சிறுவனாக இருந்தபோது, தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஸ்டம்பால் அடித்துப் பழகினார். முழங்கையைப் பற்றி அந்தத் தொட்டியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் பாடத்துக்கு முழு இயற்கைவாதியாகப் போனேன். அங்கேதான் இயற்கை காலை வாரியது. பந்து மேலே போக வேண்டுமென்றால் கை அதை அள்ளித் தூக்கப் பார்க்கிறது. மட்டை பந்தின் தலையைத் தட்ட, அது பெருச்சாளிபோலத் தரையோடு ஓடுகிறது. கீழ்நோக்கி அடித்தால்தான் மட்டைமுகத்தின் சாய்வு பந்தை மேலே அனுப்பும். பந்து வலப்பக்கம் வளைகிறதே என்று இடப்பக்கம் பார்த்து வீசினால், மட்டை இன்னும் குறுக்கே இழுபட்டு வளைவு அதிகமாகிறது. உடம்பு சொல்லும் யோசனை ஒவ்வொன்றும் எதிரி அனுப்பியதுபோல இருந்தது. யோசித்தால் கிட்டிப்புள்ளும் கருவிலேயே வந்ததில்லை. ஒரு கோடை விடுமுறை முழுக்கக் காற்றை அடித்து, மாமா பையனிடம் திட்டு வாங்கிக் கற்றது. திட்டு மறந்துவிட்டது, அடி மட்டும் தங்கிவிட்டது.

பயிற்சியாளர் போன் பேச நகர்ந்தார். பக்கத்தில் நின்ற கேடி மெதுவாகச் சொன்னார்: “பந்தை விடுங்க சார். பந்துக்கு அந்தாண்ட இருக்கிற புல்லை வெட்டுங்க.”

வெட்டினேன். டக்கென்று ஒரு சத்தம், சுத்தமான தேங்காய் உடைகிற மாதிரி. பந்து எழும்பிப் போய்க்கொண்டே இருந்தது.

“மூணாவது பாடத்துலயே இதைச் சொன்னேனே சார்” என்றார் திரும்பி வந்த பயிற்சியாளர். பொய்யில்லை. மணிக்கட்டு, இடுப்பெலும்பு, புவியீர்ப்பு எல்லாம் சேர்த்துச் சொன்னார். கேடியின் வழிக்கு ஆய்வும் துணை நிற்கிறது. கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளரின் குழு 1999-இல், புதிதாகக் கற்கும் ஒரு சாராரைத் தங்கள் கையின் அசைவையும் மறு சாராரை மட்டையின் அசைவையும் கவனிக்கச் சொல்லிப் பார்த்தது. மட்டையைக் கவனித்தவர்களே நன்றாக அடித்தார்கள். நம் கேடி இதையெல்லாம் படித்தவரில்லை. சொல்லித்தந்ததற்குத் தனிக் கட்டணமும் கேட்கவில்லை.

அடுத்த பந்துக்கு முன் ஒரு காரியம் செய்தேன். போன அடியை எப்படி அடித்தோம் என்று யோசித்தேன். பந்து வலப்பக்க வேலியோர வேப்பமரத்தில் போய் மோதியது. பயிற்சியாளர் வாயைத் திறந்தார். கேடி கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னும் நாலு பாடம் பாக்கி. பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம், கேட்டுப் பார்த்துவிட்டேன்.