மணிக்கு வேண்டப்பட்டவர்

நங்கநல்லூரில் காலை ஐந்தரை மணிக்கு ஒருவர் மின்பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். பெட்டிக்குப் பின்னால் நாய் இருக்கும். "என்னடா, ராத்திரி தூங்கலையா? கண்ணெல்லாம் செவந்து கெடக்கு" என்று அவர் விசாரிப்பது அதைத்தான். இவர் வேளச்சேரியிலும் உண்டு. மேற்கு மாம்பலத்தில் தெருவுக்கு இரண்டு பேர் உண்டு. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முக்கால் கால்சட்டை, பையனின் கம்பெனியில் இலவசமாகக் கொடுத்த டி-ஷர்ட், சித்திரை மாதத்திலும் கழற்றாத குரங்குக் குல்லா. வலது பாக்கெட்டில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் ஒன்று. இடது பாக்கெட்டில் இருப்பது அடுத்த தெருவுக்கு.

பிறவியிலேயே இவர் நாய்ப் பிரியர் இல்லை. உத்தியோகத்தில் இருந்தவரை நாய் என்றால் கேட்டில் தொங்கும் எச்சரிக்கைப் பலகை, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற கையோடு சர்க்கரை வந்தது. "தினமும் முக்கால் மணி நேரம், கையை நல்லா வீசி, வேகமா நடங்க" என்றார் டாக்டர். டாக்டர் சொன்னது நாய்களுக்குத் தெரியாதே! விடியுமுன் தலையை மூடிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, வீடு வீடாகப் பார்த்தபடி வேகமாகப் போகிற ஆள் என்ன தொழில் செய்பவன் என்று அவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். கடமையைச் செய்தன. இவர் கம்பு எடுத்துப் போனார், குரைப்பு இரட்டித்தது. குடை எடுத்துப் போனார். விரிந்த குடையைப் பார்த்துப் பக்கத்துத் தெருவிலிருந்தும் படை வந்தது. கடைசியில் வீட்டம்மாதான் வழி சொன்னார்: "ஏங்க, ரெண்டு பிஸ்கட்ட போட்டுட்டுப் போங்களேன். உங்க ஆபீஸ்ல ஃபைல் எப்படி நகந்துச்சு?"

அன்றோடு தீர்ந்தது பகை; தொடங்கியது ஆராய்ச்சி.

முதலில் பெயர். தெருநாய்க்குப் பெயர் வைக்கும் உரிமை சோறு போடுகிறவருக்கு உண்டு என்பதால், ஒரே நாய் கீழ்வீட்டில் மணி, எதிர் ஃப்ளாட்டில் சீசர், கோடி வீட்டுப் பாட்டிக்குப் பைரவர், டீக்கடையில் வெறும் 'டேய்'. நான்கு பெயருக்கும் அது வாலாட்டும். நான்கு பெயருக்கும் நான்கு வேளைச் சாப்பாடு. பைரவர் வீட்டில் தயிர்சாதம், சீசர் வீட்டில் கோழி எலும்பு. இரண்டுக்கும் நடுவில் வாயைத் துடைத்துக்கொண்டு போகிற பக்குவம் அதற்கு உண்டு என்று நம்மவர் சத்தியம் செய்வார். மணி என்ற பெயரை நிலைநாட்டியது தானே என்பதும் அவர் நம்பிக்கை.

பிறகு எல்லைகள். மாநகராட்சி வரைபடத்தில் வார்டு எல்லை எங்கே என்று கேட்டால் விழிப்பார். நாய் எல்லை கேளுங்கள். மணியின் ராஜ்யம் டிரான்ஸ்ஃபார்மர் வரை. அதற்கப்பால் ஒற்றைக்காது செவலை. குப்பைத்தொட்டி மட்டும் பொது இடம், அதுவும் லாரி வந்து போகும்வரைதான். இவர் நடக்கும்போது மணி டிரான்ஸ்ஃபார்மர் வரை கூடவே வந்து, அங்கே ஒரு கோடு போட்டதுபோல நின்றுவிடும். செவலை மறுபக்கம் காத்திருந்து பொறுப்பேற்கும். கோயில் பக்கத்து நாய்களிடம் மட்டும் இவர் பிஸ்கட் எடுபடுவதில்லை. முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயருக்குச் சாத்தும் வடைமாலையில் பங்கு வாங்கிப் பழகிய நாக்கு அவற்றுக்கு. மைதா மாவை மோந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை போ என்பதுபோல் நகர்ந்துவிடும்.

சனிக்கிழமையில் கருப்பனிடமும் இதே கதி. கருப்பு நாய்க்குச் சனிக்கிழமை உணவு போட்டால் சனி தோஷம் குறையும் என்று ஜோசியர்கள் சொல்லிவைத்திருப்பதால், அன்று காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் எள்ளுசாதத்தோடு வருவார்கள். வெள்ளிவரை அதைக் கல்லால் அடித்தவரும் அன்று குனிந்து, இலை விரித்து, "சாப்புடுப்பா" என்பார். கருப்பனுக்கு ஞாயிறு முழுவதும் அஜீரணம். தேய்பிறை அஷ்டமியும் சேர்ந்துகொண்டால் இரண்டு நாள் எழுந்திருக்காது.

இந்தச் சாத்திரங்களையெல்லாம் நம்மவர் சொல்லக் கேட்க வேண்டும். உடன் நடந்தால் தப்பவே முடியாது. கார்த்திகை, மார்கழி வந்தால் பாதையையே மாற்றிவிடுவார்: "சீசன் சார், கூட்டமாத் திரியும், நடுவுல பூந்துடாதீங்க." அறுபத்துச் சொச்சம் நாள் கணக்குப் போட்டு, எந்தக் காருக்கடியில் குட்டி போடும் என்று தையிலேயே சொல்வார். குட்டி பிறந்து இரண்டு வாரத்தில் கண் திறக்கும். அதுவரை தாய் எதிரில் காலை வைக்காதே என்று பால்காரர், பேப்பர் பையன், கீரைக்காரம்மா மூவருக்கும் உத்தரவு போகும். இதில் அவர் பேச்சை மதிக்காமல் போன கூரியர் பையன் ஒருவன், பார்சலையும் ஒரு செருப்பையும் அங்கேயே டெலிவரி செய்துவிட்டுப் போனது நடந்த கதை.

மனிதர்களை இவர் அறிந்துவைத்திருக்கும் விதம் தனி. எதிர் ஃப்ளாட்டில் பல வருடமாக இருப்பவர் பெயர் கேட்டால் யோசிப்பார். "அதான் சார், டைசன் அப்பா" என்பார். ஜிம்மி அம்மா, ரோஸி வீட்டு டிரைவர், அந்தப் பஞ்சுமூட்டை ஷிட்ஸுவை இழுத்துக்கொண்டு போகிற பொண்ணு. தெருவாசிகள் எல்லாரும் நாயின் உறவுமுறையில்தான் இவர் கணக்கில் பதிவு. டைசன் இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்றால் அந்த வீட்டார் திருப்பதி போயிருக்கிறார்கள். ரோஸியை அம்மாவே கூட்டி வந்தால் டிரைவர் நின்றுவிட்டார். அந்தத் தெருவில் ஒரு கல்யாணம் நின்றுபோனதை, மாப்பிள்ளை வீட்டு லாப்ரடார் வாக்கிங் நேரம் மாறியதை வைத்து இவர் முதலில் கண்டுபிடித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் நம்புகிறேன்.

வளர்ப்பு நாய்களில் இவருக்கு மரியாதை உள்ளது ஒன்றிடம்தான்: தனி வீட்டு ராஜபாளையம். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, 2005-இல் அஞ்சல்தலை போட்டார்களே, அந்த இனம். அதுவும் தபால்தலையில் நிற்கிற மாதிரிதான் கேட்டுக்குப் பின்னால் நிற்கும். குரைக்காது, வாலாட்டாது. இவர் கம்பிக்கு வெளியே நின்று வாரக்கணக்கில் "ராஜா, என்னடா கண்ணு" என்று சமாதானம் பேசிப் பார்த்தார். சலனமே இல்லை. எவ்வளவு கம்பீரம், எவ்வளவு அடக்கம் என்று ஊரெல்லாம் புகழ்ந்தார். அந்த இனத்தின் வெள்ளைகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதை அந்த வீட்டுக்காரர் சொன்ன பிறகும் புகழ்ச்சியை மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம். இவர் வகையைச் சேர்ந்த எல்லாரும், கன்னியாகுமரி முதல் திருத்தணி வரை, ஒரு மாத்திரைகூட மாறாமல் சொல்லும் வாக்கியம்: "அது ஒண்ணும் பண்ணாது சார்."

இது சொல்லப்படும் நேரம் முக்கியம். நாய் தூங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. அது உங்கள் ஸ்கூட்டரைத் துரத்திக்கொண்டு, நீங்கள் இரண்டு காலையும் ஹேண்டில்பார் உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கும்போதுதான் பிளாட்பாரத்திலிருந்து இந்தக் குரல் வரும். பேன்ட்டைப் பிடித்துவிட்டால், "வெளையாடுது சார்." வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. அவரை அது ஒன்றும் பண்ணாதுதான். பிஸ்கட் வாங்குகிற இடத்தில் பல்லைக் காட்ட அதற்கென்ன பைத்தியமா?

ஆனால் கடித்துவிட்டால் அடுத்த நொடி ஆளே மாறிவிடுவார். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொல்வார். சுண்ணாம்பையும் மஞ்சளையும் கொண்டுவருகிறவரைத் திட்டி அனுப்புவார். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். கடித்த அன்று ஒன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று ஒப்பிப்பார். பழைய நாளில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்ட கதையைச் சொல்லி, "நீங்க குடுத்துவெச்சவரு சார்" என்று வாழ்த்தி ஆட்டோ ஏற்றிவிடுவார். ஒன்றுமே பண்ணாத நாய்க்கு இவ்வளவு அட்டவணை மனப்பாடம் எதற்கு என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது.

அப்படிக் கேட்பவர் ஒருவர் உண்டு: மூன்றாம் மாடிக்காரர். டியூஷன் முடிந்து வந்த அவர் பேரனை இரண்டு நாய் லிஃப்ட் வாசல்வரை விரட்டின. அவர் ஸ்கூட்டர் சீட்டை ஒரே ராத்திரியில் நார் நாராகக் கிழித்துப் போட்டது யார் என்பதும் தெருவுக்கே தெரியும். அவர் கையில் எப்போதும் தடி. ஃப்ளாட் வாட்ஸ்அப் குழுவில் எப்போதும் புகார். நியாயம் அவர் பக்கமும் இருக்கிறது, நான் சொல்வேன். பயந்து ஓடிய குழந்தையிடம் எந்தத் தத்துவமும் செல்லாது.

குழுவில் அவர் "பிடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க" என்று போட்டால், நம்மவர் ஒரு நீண்ட குரல் பதிவு அனுப்புவார். ஒரு காலத்தில் மாநகராட்சி பிடித்துப் போன நாய் திரும்பி வந்ததே கிடையாது. இதே சென்னையில்தான் ப்ளூ கிராஸ் 1964-இலேயே கருத்தடை செய்து விடுவதைத் தொடங்கியது, மாநகராட்சி அதை 1996-இல் ஏற்றது. 2001 விதிகள் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடச் சொல்லியிருந்தன, 2023 விதிகளும் அதையே சொல்கின்றன. இந்தத் தெருவைக் காலி செய்தால் அடுத்த தெரு நாய் வந்து உட்காரும், அதற்குத் தடுப்பூசி போட்டார்களா என்று உமக்குத் தெரியுமா? காது நுனியில் வெட்டு இருக்கிறதா பாரும், இருந்தால் அறுவை முடிந்த நாய் என்று அர்த்தம். இத்தனையும் கேட்டு முடிக்கப் பொறுமையுள்ளவர் குழுவில் இருவர், ஒருவர் வாட்ச்மேன்.

2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, இவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. உத்தரவு டெல்லிக்கு, மணி இருப்பது நங்கநல்லூரில் என்று வீட்டம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "தீர்ப்புக்கு ரயில் டிக்கெட்டா வேணும்?" என்றார். 22-ஆம் தேதி அது திருத்தப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தவற்றை, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பழைய இடத்திலேயே விடலாம் என்று வந்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது. குறிப்பிட்ட இடத்தில் மட்டுமே உணவு வைக்க வேண்டும் என்று அதில் இன்னொரு வரி இருந்தது. மின்பெட்டிக்குப் பின்பக்கம் குறிப்பிட்ட இடம் ஆகுமா என்று வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்தார். அங்கே அதைக் குறிப்பிட்ட இடத்தில் வைத்துவிட்டார்கள்.

வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று சென்னை மாநகராட்சி அறிவித்தபோது, மணிக்கும் ஒன்று போட்டுவிட்டால் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் வரும் என்பதில் சீசர் வீட்டாருக்கும் இவருக்கும் சிறு மனத்தாங்கல். பாட்டி குறுக்கே புகுந்து, பைரவருக்கு உரிமையாளர் போடுவது அபசாரம் என்று சொன்னதால் விஷயம் அத்தோடு நின்றது.

நாய்களை இவர் படித்துவைத்திருப்பதாகத் தெருவே சொல்கிறது. என் சந்தேகம் வேறு. அவை இவரைப் படித்திருக்கின்றன. எந்தப் பாக்கெட், எந்த நேரம், எந்தச் செருப்புச் சத்தம், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வரும் நாளில் கூடுதலாக எத்தனை பிஸ்கட் விழும், எல்லாம் அவற்றுக்குத் தெரியும். இவருக்குத் தெரிந்தது பெயர் மட்டும். அதுவும் இவரே வைத்தது.

போன வருடம் பையன் டெக்சாஸுக்கு அழைத்துப் போனான். அங்கே நடப்பதற்கு அகலமான பாதை உண்டு, குரைக்க ஒரு ஜீவன் கிடையாது. நாய்கள் கயிற்றோடும் கயிறு மனிதரோடும் வந்தன. பாக்கெட்டில் கைவிட்டுப் பிஸ்கட்டை நீட்டியபோது, இவனுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் மிகுந்த பணிவோடு மறுத்தாராம். பையில் கழிவை அள்ளிக்கொண்டு அவர் நடந்து போனதை நம்மவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மருமகள் சொன்னாள். அன்று இரவே வாட்ச்மேனை வீடியோவில் பிடித்தார்.

"மணி எப்படி இருக்கான்? தேடுறானா?"

"நல்லா இருக்கான் சார். இப்பதான் வாக்கிங் போய்ட்டு வந்தான்."

"வாக்கிங்கா? யார்கூட?"

"தேர்ட் ஃப்ளோர் சார்கூடதான் சார். அவருக்கும் சுகர் வந்துடுச்சு. டாக்டர் நடக்கச் சொல்லிட்டாராம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதென்று வாட்ச்மேன் போனை உதறிப் பார்த்தார்.

"அவரு என்ன போடுறாரு? பிஸ்கட்டா?"

"பிஸ்கட் இல்ல சார். அவிச்ச முட்டை."

"தோலு உரிச்சா, உரிக்காமலா?"